பொட்டாஷ் போட்டால் பயிரில் சீசியம் எப்படிக் குறைகிறது? அடுப்புச் சாம்பல் ஏன் கூடாது?

கோரியாமா_கொத்தமல்லி

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் ஜப்பானில் புகுஷிமா மாகாணத்தில், கோரியாமா நகரத்தில் இருக்கிறோம். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் வழிவழியாக விவசாயம் பார்ப்பவர், அவருடைய நிலத்தில் ஒரு ஓரத்தை எங்களுக்குக் காய்கறி போடக் கொடுத்திருக்கிறார். கத்திரி, வெண்டை, கொத்தமல்லி, வெந்தயக்கீரை, கொஞ்சம் உருளை, இவ்வளவுதான் திட்டம்.

விதை போடுவதற்கு முன்னாலேயே அவர் மூன்று விஷயம் சொன்னார். மண்ணைச் சோதனைக்குக் கொடுத்து பொட்டாசியம் எவ்வளவு என்று பார், 25க்குக் கீழே இருந்தால் பொட்டாஷ் போடு. விறகு அடுப்புச் சாம்பலைக் கொண்டுவந்து கொட்டாதே. மலை அடிவாரத்தில் கிடக்கும் சருகை அள்ளி மக்க வைத்துப் போடாதே. மூன்றுக்கும் காரணம் கேட்டேன், 2011 அணு உலை விபத்தில் வந்த கதிரியக்கச் சீசியம் என்று மட்டும் சொன்னார். என் ஜப்பானிய மொழி அதற்கு மேல் போகவில்லை.

எனக்குப் புரியாதது இதுதான். பொட்டாஷ் போட்டால் மண்ணில் இருக்கும் சீசியம் வெளியேறிவிடுமா, அல்லது அடியில் இறங்கிவிடுமா? ஊரில் எங்கள் அம்மா அடுப்புச் சாம்பலைத்தான் கத்திரிச் செடிக்கும் வாழைக்கும் போடுவார், அதில் பொட்டாஷ் சத்து இருக்கிறது என்றுதானே படித்திருக்கிறோம், அப்படியானால் அது மட்டும் ஏன் ஆகாது? கடையில் ஜியோலைட் என்று ஒரு கனிமத்தை மூட்டை மூட்டையாக விற்கிறார்கள், அது வாங்கலாமா? தொழு உரம் போடலாமா? சின்னக் குழந்தை வீட்டில் இருப்பதால் சரியாகத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும் என்று கேட்கிறேன். தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

மண்_பரிசோதகர்

உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்ன மூன்றும் சரி. காரணத்தைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பாதி தெரிந்துகொண்டால் தப்பான பொருளைத் தப்பான இடத்தில் போட்டுவிடுவோம்.

முதலில், பொட்டாஷ் சீசியத்தை மண்ணிலிருந்து வெளியேற்றாது. சீசியம் அங்கேயேதான் இருக்கும். வேருக்குள் போவதுதான் குறையும். சீசியமும் பொட்டாசியமும் தனிம அட்டவணையில் ஒரே தொகுதி, இரண்டும் மண் நீரில் ஒரே அளவு நேர்மின்னூட்டத்தோடு திரியும் அயனிகள். செடிக்குப் பொட்டாசியம் இல்லாமல் ஒரு நாள் ஓடாது, சீசியத்தால் அதற்கு ஒரு பிரயோசனமும் இல்லை. ஆனால் வேரில் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் புரதங்களுக்கு இரண்டையும் கறாராகப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. மண் நீரில் பொட்டாசியம் தாராளமாக இருந்தால் சீசியத்துக்கு வாய்ப்புக் குறைவு. இது ஒரு பாதி.

இன்னொரு பாதிதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். பொட்டாசியம் பற்றாக்குறை வந்தவுடன் வேர் சும்மா இருக்காது, மிகக் குறைந்த அளவில் இருப்பதையும் பிடித்து இழுக்கும் வேறொரு வகைக் கடத்திப் புரதத்தை அதிகமாக உருவாக்கும். நெல்லில் அதற்கு ஓஎஸ்-எச்ஏகே-1 என்று பெயர். சீசியம் உள்ளே போகும் பெரிய வழி அதுதான். அந்த மரபணுவை முடக்கிய நெற்பயிரில் சீசியம் ஏறுவது வெகுவாகக் குறைந்ததை 2017ல் வெளியான ஆய்வுகள் காட்டின. ஆக, பொட்டாசியம் போதுமான அளவு இருந்தால் அந்தப் புரதம் அதிகம் உருவாகாது, பட்டினி கிடந்தால் வேர் அதைப் பெருக்கிக்கொண்டு பொட்டாசியத்தோடு சீசியத்தையும் சேர்த்து இழுக்கும்.

இதனால்தான் அந்த 25 என்ற எண். 100 கிராம் மண்ணில் 25 மில்லிகிராம், மண் துகளில் ஒட்டியிருந்தும் செடிக்குக் கிடைக்கக்கூடிய பொட்டாசியத்தை பொட்டாசியம் ஆக்சைடாகக் கணக்கிட்டுச் சொல்வது. நெல் வயலுக்காக ஜப்பானில் வகுத்த அளவு அது. 5, 8 என்று கிடக்கும் மண்ணில் பொட்டாஷ் போட்டால் சீசியம் சடாரென்று இறங்கும், 25 தாண்டிய பிறகு இன்னும் இன்னும் போட்டாலும் பெரிதாக இறங்காது. அதற்கு மேல் அள்ளிக் கொட்டினால் மக்னீசியமும் கால்சியமும் செடிக்குக் கிடைப்பதுதான் குறையும்.

அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 2011ல் மண்ணில் கிலோவுக்கு 5000 பெக்கரலுக்கு மேல் (பெக்கரல் என்பது கதிரியக்கத்தை அளக்கும் அலகு) சீசியம் இருந்த வயல்களில் நெல் நடத் தடை போட்டார்கள். கணக்கு எளிது, மண்ணில் இருப்பதில் அதிகபட்சம் பத்தில் ஒரு பங்குதான் அரிசிக்குப் போகும் என்று வைத்துக்கொண்டால் அப்போதைய வரம்பான 500 பெக்கரலுக்குள் நின்றுவிடும். அக்டோபரில் மாகாண அரிசி பாதுகாப்பானது என்று அறிவிப்பும் வந்தது. நவம்பரில் புகுஷிமா நகரத்தின் ஓனாமி பகுதியில் விளைந்த அரிசியில் 630 பெக்கரல். தடை போடப்படாத வயல்தான் அது. ஆராய்ந்து பார்த்தபோது, மண்ணில் சீசியம் எவ்வளவு என்பதைவிட பொட்டாசியம் எவ்வளவு குறைவு என்பதுதான் அரிசியில் ஏறியதைத் தீர்மானித்திருந்தது. மலையடிவாரத்தில் சின்னச் சின்ன வயல்கள், பொட்டாசியம் வற்றிய மண். நெற்பயிர் எடுக்கும் பொட்டாசியத்தில் பெரும்பகுதி வைக்கோலில்தான் நிற்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததே, வைக்கோலை வெளியே எடுத்துக்கொண்டே இருந்து திருப்பிப் பொட்டாஷும் போடாவிட்டால் வயல் இப்படித்தான் ஆகும்.

அடுத்த ஆண்டு வரம்பை 100 பெக்கரலாகக் குறைத்தார்கள், வயல்களில் பொட்டாஷ் போட வைத்தார்கள், புகுஷிமாவில் விளைந்த அரிசியை 30 கிலோ மூட்டை ஒவ்வொன்றாகக் கருவியில் ஏற்றிப் பார்த்தார்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய 1 கோடி மூட்டை. 2012ல் வரம்பைத் தாண்டியவை 71 மூட்டை, 2013ல் 28, 2014ல் 2, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. இதில் எல்லாப் பெருமையும் பொட்டாஷுக்குப் போகாது. மேல்மண் நீக்கியது, சீசியம்-134 வேகமாகச் சிதைந்தது, மீதிச் சீசியம் களிமண்ணில் இறுகியது எல்லாம் சேர்ந்த பலன். ஆனாலும் பொட்டாஷ் இல்லாமல் இவ்வளவு சீக்கிரம் இது நடந்திருக்காது.

சாம்பல் விஷயத்தை வேறு யாராவது சொல்லுங்கள், எனக்குக் கை வலிக்கிறது.

தணல்

சாம்பல் பற்றி நான் சொல்கிறேன். அக்கா, உங்கள் அம்மா செய்தது அந்த மண்ணுக்கு நல்ல வேலை, அதில் சந்தேகமே வேண்டாம். பிரச்சினை விறகு எங்கிருந்து வந்தது என்பதில்தான் இருக்கிறது. 2011ல் வந்து விழுந்த சீசியத்தில் பெரும்பங்கு காடுகளில் விழுந்தது, மரப்பட்டையிலும் சருகிலும் காட்டுத்தரையிலும் நின்றுவிட்டது. அந்த மரத்தை எரித்தால் கரியும் நீரும் போய்விடும், சீசியம் சாம்பலில் தங்கிவிடும். ஒரு கிலோ விறகில் இருந்தது ஒரு பிடிச் சாம்பலுக்குள் ஒடுங்கினால் செறிவு ஏறக்குறைய 200 மடங்கு வரை போகும். அதனால்தான் ஜப்பானில் விறகுக்குக் கிலோவுக்கு 40 பெக்கரல் என்று மிகக் குறைவான வரம்பு வைத்தார்கள். 40ஐ 200ஆல் பெருக்கிப் பாருங்கள், 8000. வரம்புக்கு உட்பட்ட விறகே அந்த அளவுச் சாம்பலைத் தரலாம். உரம், மண் திருத்தப் பொருட்கள், தொட்டி மண் ஆகியவற்றுக்கு அங்கே வரம்பு 400 பெக்கரல். அந்தச் சாம்பலைத் தோட்டத்தில் போட்டால் பொட்டாசியத்தோடு புதுச் சீசியத்தையும் சேர்த்துக் கொண்டுவந்து கொடுக்கிறீர்கள்.

சருகு மக்கும் அதே கதைதான். காட்டுச் சருகில் இருக்கும் சீசியம் களிமண்ணில் போய் இறுகவில்லை, மக்கிய பொருளோடு தளர்வாக ஒட்டிக்கொண்டிருக்கிறது, செடி சுலபமாக எடுக்கும். அங்கே காட்டுக் காளான், வசந்த காலத்தில் பறிக்கும் கோஷியாபுரா தளிர் எல்லாம் இன்னும் வரம்பைத் தாண்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். வயலுக்குப் பொட்டாஷ் போடலாம், மலைக்கு யார் போடுவது.

வேர்க்கால்

நல்ல இழை. செர்னோபில் பக்கத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புகுஷிமாவில் செய்தது எல்லாமே அங்கே 1986 அணு உலை விபத்துக்குப் பிறகு கற்றுக்கொண்டதன் தொடர்ச்சிதான்.

அங்கே இரண்டு பொருள்களோடு மல்லுக்கட்டினார்கள், சீசியம்-137, ஸ்ட்ரான்சியம்-90. புகுஷிமா மண்ணில் ஸ்ட்ரான்சியம் மிகக் குறைவாகத்தான் விழுந்தது, அதனால் உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம், ஆனால் மருந்து வேறு என்பது தெரிந்திருக்க வேண்டும். ஸ்ட்ரான்சியம் கால்சியத்தின் உறவு. அதற்குப் பொட்டாஷ் பெரிதாக ஒன்றும் செய்யாது, சுண்ணாம்புதான் மருந்து. புளிப்பேறிய, கால்சியம் குறைந்த மண்ணில் சுண்ணாம்பு போட்டால் பயிரில் ஸ்ட்ரான்சியம் 1.5 முதல் 2.6 மடங்கு குறைந்தது, சீசியமும் 1.5 முதல் 3 மடங்கு குறைந்தது. ஏற்கெனவே சுண்ணாம்புச் சத்து நிறைந்த மண்ணில் அதே சுண்ணாம்பைக் கொட்டினால் பலன் இல்லை, அங்கே கால்சியம் முன்பே மண்டிக் கிடக்கிறது. எதிலும் இதே விதிதான்: எது குறைவோ அதைப் போட்டால்தான் வேலை செய்யும்.

உரத்தில் அங்கே பிடித்த விகிதம் தழை, மணி, சாம்பல் சத்து (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம்) 1:1.5:2. தழைச்சத்தை அடக்கி வைத்து மற்ற இரண்டையும் கூட்டினார்கள். இதற்குக் காரணம் அம்மோனியம். அம்மோனியம் அயனியும் அளவில் பொட்டாசியத்துக்கும் சீசியத்துக்கும் பக்கத்தில் வரும், களிமண் படலங்களுக்கு நடுவில் சிக்கியிருக்கும் சீசியத்தைத் தள்ளிவிட்டு அது உட்கார்ந்துகொள்ளும், வெளியே வந்த சீசியம் மண் நீரில் கலந்து வேருக்குக் கிடைக்கும். தண்ணீர் நிற்கும் நெல் வயலில் தழைச்சத்து நைட்ரேட்டாக மாறாமல் அம்மோனியமாகவே தங்கும் என்பதால் அங்கே இது இன்னும் கூடுதல். பச்சை பிடிக்கட்டும் என்று அம்மோனியம் சல்பேட்டை அள்ளிப் போடுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட மண்ணின் வகைதான் பெரிய விஷயம். உக்ரைனின் ரிவ்னே, ஜிதோமிர், பெலாரஸின் கோமெல் பக்கம் போலேசியா என்று ஒரு சதுப்பு நிலப் பிரதேசம், மணலும் கரிமச் சதுப்பு மண்ணும். களி இல்லை, பொட்டாசியம் இல்லை. விழுந்த சீசியம் குறைவாக இருந்த ஊர்களில்கூட பால் வரம்பைத் தாண்டியது, மாடுகள் அந்தப் புல்லைத் தின்றதால். நல்ல கறுப்புக் கரிசலில் அதைவிட அதிகம் விழுந்தும் பயிரில் ஏறவில்லை. அங்கே மேய்ச்சல் நிலத்தை உழுது, சுண்ணாம்பும் உரமும் போட்டு, புதுப் புல் விதைத்துப் பார்த்தார்கள், முதல் தடவையில் சீசியம் 1.5 முதல் 9 மடங்கு வரை குறைந்தது. 90களில் சோவியத் உடைந்து காசு இல்லாமல் உரம் குறைந்தபோது சில பகுதிகளில் இறங்கிக்கொண்டிருந்த அளவு நின்றுபோனது, சில இடத்தில் திரும்ப ஏறவும் செய்தது. இதை ஒரு முறை செய்து முடிக்கும் வேலையாக யாரும் நினைக்கக் கூடாது.

இயற்கைவழி

ரசாயன உப்பை மேலும் மேலும் கொட்டுவதை எனக்கு ஏற்றுக்கொள்ள முடியவில்லை. சூரியகாந்தி நட்டால் அது சீசியத்தை உறிஞ்சி எடுத்துவிடும் என்று எத்தனையோ இடங்களில் படித்திருக்கிறேன். செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்திவிட்டால் மண் சுத்தமாகிவிடுமே. அதோடு நல்ல தொழு உரம், மண்புழு உரம் போட்டு மண்ணுக்கு உயிர் கொடுத்தால் போதாதா?

மண்_பரிசோதகர்

சூரியகாந்தி நட்டுப் பார்த்தார்கள் நண்பரே, 2011லேயே. ஊர் ஊராக மக்கள் நம்பிக்கையோடு விதைத்தார்கள். ஜப்பான் வேளாண் அமைச்சகம் செய்த சோதனையில் அந்தச் செடி மண்ணிலிருந்து எடுத்தது ஏறக்குறைய 2000ல் ஒரு பங்கு. சீசியம் களிமண்ணில் போய் இறுகிய பிறகு எந்தச் செடியாலும் அதைச் சீக்கிரம் எடுக்க முடியாது. மேலே ஐந்து சென்டிமீட்டர் மண்ணைச் சுரண்டி எடுத்ததுதான் உண்மையில் வேலை செய்தது, ஏனென்றால் விழுந்த சீசியத்தில் பெரும்பாலானது அந்த ஐந்து சென்டிமீட்டருக்குள்தான் நின்றது. அப்படி எடுத்த மண் ஓகுமா, ஃபுதாபா ஊர்களில் சுமார் 1 கோடியே 40 லட்சம் கன மீட்டர் குவிந்து கிடக்கிறது. மேல்மண்ணோடு பல தலைமுறை சேர்த்த வளமும் போய்விட்டது, அந்த இடத்தில் மலை மணலைக் கொண்டுவந்து நிரப்பினார்கள். அதில் பொட்டாசியம் சொற்பம், அதனால் மறுபடி அந்த வயல்களுக்கும் பொட்டாஷ் தேவைப்படுகிறது. இதையெல்லாம் எழுதும்போதே மனசு கனக்கிறது, ஒரு விவசாயிக்கு மேல்மண்ணை இழப்பது சாதாரண விஷயம் இல்லை.

ஆனால் உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது, தொழு உரத்தை நான் வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். மாட்டுச் சாண உரத்தில் பொட்டாசியம் நன்றாகவே இருக்கிறது, செர்னோபில் பகுதியில் கரிம உரத்தால் சீசியம் 1.5 முதல் 2 மடங்கு குறைந்தது. இரண்டு விஷயம் மட்டும் பாருங்கள். மாடு எந்த வைக்கோலைத் தின்றது, படுக்கைக்கு எது போட்டார்கள் என்று தெரிய வேண்டும், கடையில் வாங்கினால் 400 பெக்கரல் வரம்புக்கு உட்பட்டதாகத்தான் வரும். நன்றாக மக்கியிருக்க வேண்டும், அரைகுறையாக மக்கிய கோழி எருவைப் போட்டால் மேலே வேர்க்கால் சொன்ன அம்மோனியம் வந்து நிற்கும்.

பொட்டாஷ் என்பதும் பூமியில் வெட்டி எடுக்கும் உப்புப் படிவம்தான். அளவோடு போட்டால் மண் கெடாது.

கடலோரம்

பிக்கினித் தீவுக் கதையை யாரும் சொல்லவில்லையே. தென்னை வளர்க்கிற நம் ஆட்களுக்கு அதுதான் சட்டென்று புரியும்.

பசிபிக்கில் மார்ஷல் தீவுகளில் ஒரு பவளத் தீவு. 1954 மார்ச் 1ஆம் தேதி அமெரிக்கா அங்கே காஸில் பிராவோ என்ற ஹைட்ரஜன் குண்டை வெடித்தது. சோதனைகளுக்காக வெளியேற்றப்பட்ட மக்களில் சிலர் 70களின் தொடக்கத்தில் திரும்பிப் போனார்கள், தென்னை நட்டிருந்தார்கள், இளநீரும் தேங்காயும் சாப்பிட்டார்கள், உடம்பில் சீசியம் ஏறியது, 1978ல் மறுபடி அவர்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. மண்ணில் சீசியம் இருந்ததைவிடப் பெரிய தொல்லை அந்த மண்ணே. முழுக்கப் பவளச் சுண்ணாம்பு, சீசியத்தைப் பிடித்துவைக்கக் களி என்று ஒன்று கிடையாது, பொட்டாசியம் கிட்டத்தட்ட இல்லை. தென்னை எவ்வளவு பொட்டாசியம் கேட்கும் மரம் என்று உங்களுக்கே தெரியும். கிடைக்காத பொட்டாசியத்துக்குப் பதிலாகச் சீசியத்தை எடுத்தது. அதே மண்ணில் கால்சியம் கொட்டிக் கிடப்பதால் ஸ்ட்ரான்சியம் தேங்காயில் ஏறியது மிகக் குறைவு. மேலே இரண்டு பேரும் சொன்ன இரண்டு விதிகளும் ஒரே தீவில், ஒரே மரத்தில்.

அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தினர் அங்கே தென்னந்தோப்பில் பொட்டாஷ் போட்டுப் பார்த்தார்கள். தேங்காயில் சீசியம் முன்பு இருந்ததில் 5 முதல் 10 சதவீதமாக இறங்கியது, போடுவதை நிறுத்திய பிறகும் சில ஆண்டுகள் அந்தப் பலன் நீடித்தது. மேல்மண்ணை முழுக்கச் சுரண்டியிருந்தால் அந்த மெல்லிய கரிம அடுக்கும் போய் வெறும் பவள மணல்தான் மிஞ்சியிருக்கும், எந்த மரமும் ஒழுங்காக நின்றிருக்காது.

கோரியாமா_கொத்தமல்லி

எல்லோருக்கும் மிக்க நன்றி, இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. சாம்பல் விஷயம் தெளிவாகிவிட்டது. மண் சோதனை முடிவு வந்துவிட்டது, பொட்டாசியம் 15 என்று போட்டிருக்கிறார்கள், புளிப்புத்தன்மை அளவு (பிஎச்) 6.2. எவ்வளவு பொட்டாஷ் போட வேண்டும், எப்போது போட வேண்டும்? ஜியோலைட்டுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. இன்னொன்று, என் கணவர் சொல்கிறார் பொட்டாசியமே கதிரியக்கம் உள்ளதுதானாம், வாழைப்பழத்தில்கூட இருக்கிறதாம், அப்படியானால் ஒன்றைத் தடுக்க இன்னொன்றை மண்ணில் சேர்ப்பதில் என்ன லாபம் என்று கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை.

மண்_பரிசோதகர்

15லிருந்து 25க்குப் போக 10 மில்லிகிராம் கூட்ட வேண்டும். 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கொத்துகிறீர்கள் என்றால் ஒரு சதுர மீட்டரில் சுமார் 150 கிலோ மண். 100 கிராமுக்கு 10 மில்லிகிராம் என்றால் 150 கிலோவுக்கு 15 கிராம். நீங்கள் வாங்கும் பொட்டாஷில் பொட்டாசியம் ஆக்சைடு கணக்கில் 60 சதவீதம்தான் சத்து என்பதால் சதுர மீட்டருக்கு 25 கிராம் போட்டால் சரியாக இருக்கும், சின்னக் கைப்பிடி. இது பற்றாக்குறையை நிரப்ப மட்டும், பயிர் வழக்கமாக எடுக்கும் அளவுக்கு அடியுரம் தனி. நடவுக்கு முன்னாலேயே போட்டுக் கொத்திக் கலந்துவிடுங்கள். செடி சின்னதாக இருக்கும்போதே வேரைச் சுற்றிப் பொட்டாசியம் இருக்க வேண்டும், நெல்லிலும் அடியுரமாகப் போட்டதுதான் பிறகு மேலுரமாகப் போட்டதைவிட நன்றாக வேலை செய்தது. 6.2க்குச் சுண்ணாம்பு அவசரம் இல்லை.

ஜியோலைட் ஆய்வுக்கூடப் புட்டியில் சீசியத்தைப் பிரமாதமாகப் பிடிக்கும். வயலில் ஏற்கெனவே டன் கணக்கில் களிமண் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது, அதன்மேல் நீங்கள் தூவும் சில கிலோவால் பெரிய வித்தியாசம் வராது. களி இல்லாத வெறும் மணலுக்குக் கொஞ்சம் உதவலாம். கோரியாமா மண்ணுக்கு அந்தக் காசை மண் சோதனைக்குச் செலவழியுங்கள் என்பேன்.

உங்கள் கணவர் கேட்டது நல்ல கேள்வி. இயற்கைப் பொட்டாசியத்தில் பொட்டாசியம்-40 என்று கொஞ்சம் இருக்கிறது, ஒரு கிராம் பொட்டாசியத்துக்கு ஏறக்குறைய 31 பெக்கரல். நீங்கள் போடும் 25 கிராம் பொட்டாஷில் ஆக்சைடு கணக்கில் 15 கிராம், ஆக்சிஜனைக் கழித்தால் வெறும் பொட்டாசியம் 12.5 கிராம், 390 பெக்கரல் என்று வையுங்கள். சாதாரண மண்ணில் கிலோவுக்குச் சராசரி 400 பெக்கரல் பொட்டாசியம்-40 எப்போதும் இருக்கிறது, அந்த ஒரு சதுர மீட்டரின் 150 கிலோவில் 60,000 பெக்கரல். அதோடு 390 சேர்வது ஒரு பொருட்டே இல்லை. அதைவிட முக்கியம், நம் உடம்பு பொட்டாசியத்தை ஒரே அளவில் வைத்துக்கொள்ளும், அதிகம் சாப்பிட்டால் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். பெரியவர்கள் உடம்பில் எப்போதும் சுமார் 4000 பெக்கரல் பொட்டாசியம்-40 இருக்கும், கூடுதலாகச் சாப்பிட்டாலும் அது ஏறாது. சீசியத்துக்கு அப்படி ஒரு கட்டுப்பாடு இல்லை, சாப்பிடச் சாப்பிட உடம்பில் சேரும். அதனால்தான் இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க முடியாது.

தேரிக்காடு

நடுவில் ஒரு கேள்வி. நாங்கள் மணவாளக்குறிச்சிப் பக்கம். கடற்கரை மணலில் மோனசைட் இருப்பதால் இயற்கையிலேயே இங்கே கதிர்வீச்சு அதிகம் என்பது தெரிந்ததே. எங்கள் தென்னைக்குப் பொட்டாஷ் கூடப் போட்டால் அதுவும் குறையுமா?

வேர்க்கால்

இல்லை அண்ணா, அது முற்றிலும் வேறு. உங்கள் மணலில் இருப்பது தோரியம், அது மோனசைட் குருமணிக்குள் பாஸ்பேட்டோடு கெட்டியாகப் பிணைந்து கிடக்கிறது, தண்ணீரில் கரைவதே அரிது, செடி எடுப்பது மிகமிகச் சொற்பம். அங்கே கதிர்வீச்சு அதிகம் வருவது மணலிலிருந்து நேரடியாக உடம்புக்கு, அதைப் பொட்டாஷால் ஒன்றும் செய்ய முடியாது. தோரியம் சிதைந்து வரும் ரேடியம் கால்சியத்தின் குணம் கொண்டது, அதற்கும் பொட்டாசியத்துக்கும் சம்பந்தமில்லை. தென்னைக்குப் பொட்டாஷ் போடுங்கள், காய்ப்புக்காகப் போடுங்கள்.

கோரியாமா அக்காவுக்கு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு காலம் இப்படிப் போட வேண்டும் என்று யாராவது அடுத்துக் கேட்பார்கள். சீசியம்-134க்கு அரைவாழ்வு, அதாவது சிதைந்து பாதியாகும் காலம், 2 ஆண்டு, அது ஏறக்குறைய போய்விட்டது. சீசியம்-137க்கு 30 ஆண்டு, அது இன்னும் பெரும்பகுதி இருக்கிறது, ஆனால் ஆண்டுக்கு ஆண்டு களிமண்ணில் இறுகிக்கொண்டே போவதால் செடிக்குக் கிடைப்பது குறைகிறது. உங்கள் தோட்டத்துக்கு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மண் சோதனை செய்து பொட்டாசியம் 25க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும், இறங்காவிட்டால் கூடுதலாகப் போட வேண்டியதில்லை. கத்திரி, வெண்டையில் ஏறுவது குறைவு. சோயாவும் பயறு வகையும் நெல்லைவிட அதிகம் எடுக்கும், அவற்றைப் போடுவதாக இருந்தால் பொட்டாசியத்தைக் கொஞ்சம் தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். நெல்லில் சீசியம் தவிட்டில்தான் அதிகம், தீட்டிய அரிசியில் பாதிக்கும் குறைவு, அதனால் அங்கே தவிட்டை உரமாகப் போட்டாலும் எந்த வயல் தவிடு என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

விளைந்ததைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றால் புகுஷிமாவில் நகராட்சிகளே வீட்டுத் தோட்டக் காய்கறியை அளந்து சொல்லும் ஏற்பாடு வைத்திருந்தன. உங்கள் பகுதியில் இப்போதும் இருக்கிறதா என்று பக்கத்து வீட்டுப் பெரியவரிடமே கேளுங்கள், முதல் அறுவடையில் ஒரு கிலோ எடுத்துக்கொண்டு போய்க் கொடுங்கள். குழந்தை இருக்கும் வீட்டில் அந்த எண்ணைக் கண்ணால் பார்ப்பதுதான் நிம்மதி.

கோரியாமா_கொத்தமல்லி

25 கிராம் கணக்கைப் பெரியவரிடம் காட்டினேன், தலையாட்டினார், தன்னிடம் இருந்த மூட்டையிலிருந்தே அளந்து கொடுத்துவிட்டார். காய்கறியை அளக்கும் இடம் பற்றி நாளைக்கு அவரிடம் கேட்கிறேன். சோயா போடும் எண்ணம் இருந்தது, தட்டைப்பயறும்தான். அவற்றுக்கு ஒதுக்கும் பாத்தியில் மட்டும் கொஞ்சம் கூட்டிப் போட்டுவிட்டு, விளைந்ததும் அளந்த எண்ணை இங்கேயே எழுதுகிறேன்.